ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை

கண் கட்டை அவிழ்த்த அன்று, காலி நாற்காலி என்று நினைத்து மனைவி சௌந்தரத்தின் மடியிலேயே போய் உட்கார்ந்தார் பரஞ்சோதி. தப்பு அவருடையதுதான். இரண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன். அதற்கு முன் கொடுத்த படிவத்தில், ‘ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை: புது லென்ஸ் இவற்றைக் காட்டாது’ என்றிருந்த கட்டத்தில் வேடிக்கையாக அவள் பெயரை எழுதியிருந்தார். வார்டே சிரித்தது, அவளும்தான்.

“இத மாத்திக் குடும்மா” என்று நர்ஸிடம் கெஞ்சினார்.

“ஒரு தடவ வச்சா ஆயுசுக்கும் அதே லென்ஸ்தான் சார். படிவத்துலயே போட்டிருந்துச்சே. படிக்கலையா?”

ஜோக்கைத்தான் படித்துக் காட்டியிருந்தார்.

காலி நாற்காலியிலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அழுவுறியா, சௌந்தரம்?”

நாற்பது வருஷமாக எதைக் கேட்டாலும் “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றே மழுப்பியவள், “ஆமாங்க” என்றாள்.