நாரை பிடித்த முதல் டிரவுட்

வயலில் தண்ணீர் வற்றிப் போகவே, நாரை மலைமேல் இருந்த அணைக்கு வந்தது. அங்கே குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீனை அது பிடித்ததே இல்லை. ஆனாலும் பிடித்துவிடலாம் என்று நம்பியது.

"இந்த மீன் ஆழத்துலதான் இருக்கும். என்னை மாதிரி முங்கணும்" என்றது அங்கேயே பிறந்து வளர்ந்த நீர்க்காகம்.

நாரை முங்கிப் பார்த்தது. மூச்சுத் திணறி, நடுங்கிக்கொண்டு கரையேறியது. இரண்டு நாள் பட்டினி வேறு.

"எனக்கு நிக்கத்தான் வரும், அண்ணே. நின்னே பாக்கறேன்."

ஓடைத் தண்ணீர் அணையில் வந்து சேரும் ஆழமில்லாத இடத்துக்கு நடந்துபோய், அசையாமல் நின்றது. வெயில் ஏறுவதற்குள் அதன் அலகில் ஒரு டிரவுட் துள்ளியது.

நீர்க்காகம் பறந்து வந்தது. "நான் சொன்னபடி செஞ்சே, கிடைச்சிடுச்சு பாத்தியா?"

பதில் சொல்ல அலகைத் திறந்தால் மீன் போய்விடும். நாரை தலையை மட்டும் ஆட்டியது.