கதவுக்குள் இருந்த வயர்

சுவிட்சை எத்தனை முறை அழுத்தினாலும் காரின் டிரைவர் பக்கக் கதவில், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி திரும்பவில்லை. மெக்கானிக் கதவை விரியத் திறந்து வைத்துக் கண்ணாடியைக் கழற்றத் தொடங்கினார்.

"என் மோட்டார் நல்லாத்தானே இருக்கு! என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்களோ?" என்று கண்ணாடி நடுங்கியது.

கதவு மடங்கும் இடத்தில் அறுந்து கிடந்த வயர் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்தால் தன்னைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்று அதற்குப் பயம்.

மெக்கானிக் கண்ணாடியைத் திரும்ப மாட்டி, ஃபியூஸை மாற்றிக் கதவைச் சாத்தினார். வயரின் அறுந்த முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. சுவிட்சை அழுத்தியதும் கண்ணாடி திரும்பியது.

"சரியாயிடுச்சு சார்!" என்றவர், வயர் அறுந்திருந்தால் ஒட்டுப் போட எடுத்து வைத்திருந்த டேப்பைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"வெறும் ஃபியூஸ்தானா? உயிரே போயிடுச்சு" என்றது கண்ணாடி.

"ஆமா, ஆமா" என்றது வயர். "இனி கதவை மட்டும் யாரும் திறக்காம இருக்கணும்."

"ஏன்?"

"சும்மா சொன்னேன்."

ஓனர் முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். பிறகு, பழம் நசுங்கியதா என்று பார்க்கக் கதவைத் திறந்தார்.