சூடு இல்லாத டிஸ்க்

"யார் அதைத் தொட்டது?"

ஓடும் ரயிலிலிருந்து மனைவி கேட்டாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு போனை எடுத்த பல் டாக்டருக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் கிடையாது, மெதுவாகச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"எதைம்மா?"

"என் சர்வரை. அஞ்சு டிஸ்க்ல ஒண்ணைக் காணோம்னு இப்பதான் எனக்கு மெயில் போட்டிருக்கு."

ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டிதான் அந்த சர்வர். ஆறு மாதம் அலைந்து திரிந்து அவள் எடுத்த ஆவணப்படம் மொத்தமும் அதற்குள் இருந்தது. நாளைக் காலை சேனல் ஆபீசில் உட்கார்ந்து, இன்டர்நெட் வழியாக இந்தப் பெட்டியிலிருந்துதான் படத்தை இறக்கிக் காட்ட வேண்டும். வேறு நகல் இல்லையா என்று டாக்டர் கேட்டார். திரும்பி வந்ததும் எடுக்க இருந்தாளாம்.

இசட்.எஃப்.எஸ். என்கிற ஏற்பாட்டில் ஐந்து டிஸ்க்குகளையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்று படுத்துவிட்டால் மற்ற நாலும் அதன் பங்கைச் சுமக்கும். இரண்டாவதும் படுத்தால் படம் காலி.

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, டாக்டர் மேஜை மேலிருந்த அவள் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டினார். திரையில் நாலைந்து வரிகள் வந்து விழுந்தன.

"மூணாவதுல ரிமூவ்ட்னு போட்டிருக்கு."



"தானா கெட்டுப் போனா வேற மாதிரி போடும். இது கை பட்டா வர்ற வார்த்தை. உண்மையைச் சொல்லுங்க, நோண்டினீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"வை-ஃபை புட்டுக்கிட்டப்பவும் இதே சத்தியம்தான்."

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "அவருக்குக் கை சும்மா இருக்காதும்மா," என்று போனுக்குக் கேட்கும்படி சொன்னார்.

லிஸ்ட்டில் மூணாவது என்றால் பெட்டியிலும் மூணாவது என்று அர்த்தமில்லை என்று அவள் எச்சரித்தாள். வரிசை மாறியிருக்கும். மேஜை டிராயரில் புது டிஸ்க் ஒன்று இருக்கிறது. கெட்டதை உருவிவிட்டு அதைச் சொருக வேண்டும். தப்பான ஒன்றில் கை வைத்தால் ஆறு மாத உழைப்புக்கு அங்கேயே பால் ஊற்றிவிடலாம்.

"எது கெட்டதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"தொட்டுப் பாருங்க. ஓடுறது நாலும் சூடா, லேசா அதிர்ந்துக்கிட்டு இருக்கும். ஓடாதது ஜில்லுனு..."

சிக்னல் போய்விட்டது.

டாக்டர் பெட்டி முன்னால் மண்டியிட்டார். ஒவ்வொரு டிஸ்க் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பேப்பருக்கு மேலே மாமனாரின் கண்கள் தெரிந்தன.

"ஜுரம் அடிக்குதா மாப்பிள்ளை?"

"சும்மா இருங்க மாமா."

"அந்தத் தபால்காரருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டீங்களே, அந்த ஞாபகம் வந்துச்சு. அதான் கேட்டேன்."

நாலாவது ஜில்லென்று இருந்தது. டாக்டர் இன்னொரு முறை எல்லாவற்றையும் தொட்டார். நாலாவதேதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினார், புதியதைச் சொருகினார். சிக்னல் திரும்பி வந்ததும் அவள் இன்னொரு வரியைத் தட்டச் சொன்னாள். மற்ற நாலும் தங்களிடம் இருந்ததைப் புதியதற்குப் பங்கு பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தன. சாயந்திரம் வரை ஆகுமாம். அதுவரை பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் எந்த சுவிட்சையும் யாரும் தொடக்கூடாது, டி.வி. கூடாது.

அன்றைக்கு ஃபைனல் மேட்ச். ரிமோட்டை யாராவது பார்த்தாலே முறைக்கிற மாமனார், இன்று மறுபேச்சு பேசவில்லை. டாக்டருக்கு அது அதிசயமாக இருந்தது. விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கீச்சுச் சத்தத்தைப் பற்றி மட்டும் சலித்துக்கொண்டார்.

"காலையிலேருந்து கத்துது. இது எப்ப நிக்கும்?"

"முடிஞ்சா தானா நின்னுடும் மாமா."

டாக்டர் மதியம் சோற்றுத் தட்டோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பாதி ஆனது. முக்கால் ஆனது. வெயில் தாழ்ந்தபோது எல்லா வரிகளும் ஒழுங்காகி, தப்பு என்ற இடமெல்லாம் பூஜ்யம் நின்றது. போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவிக்குப் படித்துக் காட்டினார். அவள் குரலே மாறிவிட்டது.

"பிழைச்சோம். தேங்க்ஸ்ங்க. காலையில கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க."

டாக்டர் மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் ரயில் ஏதோ ஸ்டேஷனில் நின்றிருக்க வேண்டும்; மறுமுனையில் இரைச்சல் அடங்கியது.

"அது என்ன சத்தம்?" என்றாள்.

"உன் சர்வர்தான். வேலை முடிஞ்சும் இன்னும் வாயை மூடல."

"அதுக்கு வாயே கிடையாது. அப்பா தூக்கம் கெடும்னு கத்துற ஸ்பீக்கரை வாங்கின அன்னைக்கே கழட்டிட்டேன். அது சமையல் ரூம்ல வாட்டர் ஃபில்டர். ஆளைக் கூப்பிட்டு மாத்தச் சொல்லுங்கன்னு போன மாசமே சொன்னேன்ல?"

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். ஃபில்டர் சுவிட்சை அணைத்தார். வீடு அமைதியானது. திரும்பி வந்தபோது மாமனாரின் பேப்பர் மடியில் கிடந்தது, முகத்தில் ஈயாடவில்லை. அவர் டாக்டரின் காதோரம் சாய்ந்தார்.

"மாப்பிள்ளை, அவகிட்ட சொல்லிடாதீங்க. இந்தப் பெட்டிதான் கத்துதுன்னு நெனச்சு, காலையில நான்தான் அதுல ஒண்ணை வெளியே இழுத்தேன். சத்தம் நிக்கல, திரும்பத் தள்ளி வச்சுட்டேன். சரியா உட்காரல போலிருக்கு."

"நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்பா," என்றது மேஜை மேலிருந்த போன்.