க்ளோத் என்றால்

"க்ளோத்துன்னா துணிக்கடைங்களா?" என்று ஏணி மேலிருந்து பெயர்ப்பலகை எழுதிக்கொண்டே கேட்டார் பெயின்டர்.

கீழே நின்றவள் சிரித்துவிட்டாள். நாளைக்குத் திறக்கப்போகிற கேக் கடை அவளுடையது.

"துணி இல்லண்ணே, பிரெஞ்சுப் பேரு. அக்காதான் எனக்கு வெச்சாங்க."

அக்கா என்றது பக்கத்தில் நின்ற கல்லாக்காரியை. இருவரும் ஒரே பேக்கரியில் வேலை பார்த்தவர்கள். அங்கே முதலாளிக்குப் பிரெஞ்சுப் பைத்தியம். யார் வேலைக்குச் சேர்ந்தாலும் சட்டையில் ஒரு பிரெஞ்சுப் பெயர் பேட்ஜ் இருக்கவேண்டும் அவருக்கு. பெயர் தேடிக் குத்திவிடுவது கல்லாக்காரியின் பொறுப்பு.

"அர்த்தம் என்னன்னு சொன்னா, பொருத்தமா ஒரு படமும் போட்டுக் குடுத்துடுவேன்."

"சொல்லுங்கக்கா. நானும் இத்தனை நாளா கேக்கவே இல்ல பாருங்க."

கல்லாக்காரி போனை எடுத்தாள். எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

ரோமாபுரியில் பெரிய குடும்பத்துப் பெயர் என்றாள். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ஒரு சக்கரவர்த்திக்கு இருந்தது, அப்புறம் பிரான்சில் ஒரு ராணிக்கு. அந்த ராணி பெயரில் ஒரு பழம்கூட உண்டு, பச்சையாக, பிளம் மாதிரி.

சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. முகம்தான் அடுப்பருகில் நிற்பதுபோல் காந்தியது.

"ராணி பேரா! அப்ப கிரீடம் போட்டுட வேண்டியதுதான்" என்றார் பெயின்டர்.

கடைக்காரி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"ஸ்கூல்ல, தெருவுல, ஏன், வீட்டுலகூட என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டவங்க இல்லக்கா. நொண்டின்னுதான். நீங்க அந்த பேட்ஜைக் குத்திவிட்ட அன்னிக்குத்தான்..."

முடிக்காமலே, டீ போட்டு எடுத்து வருகிறேன் என்று, இடது காலை இழுத்தபடி உள்ளே போய்விட்டாள்.

பலகையில் எழுத்து இன்னும் காயவில்லை. இப்போது வாயைத் திறந்தால்கூடத் துணியை நனைத்துத் துடைத்துவிடலாம்.

"கிரீடம் தங்கக் கலர்லயே போட்டுடவா?"

கல்லாக்காரி தலையாட்டினாள்.

போனில் அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. அதன் முதல் வரியை மட்டும் அவள் சொல்லவில்லை. பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், பொருள், நொண்டி.

கடைக்காரி வேலைக்குச் சேர்ந்த அன்று கல்லாக்காரி அந்த வரியைத்தான் முதலாளியிடம் படித்துக் காட்டினாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சீருடைக்காகக் காத்து நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள்.

என்ன விஷயம் என்று தெரியாமலே அவளும் சேர்ந்து சிரித்தாள்.