வாலுவுக்கு இன்னும் ஒரு வருஷம்

"உங்க பையன் யூ.கே.ஜி.யிலேயே இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் மிஸ்.

"அதெல்லாம் முடியாது" என்று அம்மா கைப்பையை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள். பக்கத்தில், சட்டைக் கையில் பேக்கரி மாவு உலராத அப்பா, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸுக்கும் மனசில்லைதான். வகுப்பிலேயே அவளுக்கு உயிர் அந்த வாலுப் பையன். கூட்டாளிகள் எல்லாரும் ஒன்றாம் வகுப்புக்குப் போக, அவன் மட்டும் இங்கே நிற்பதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பதினைந்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பிள்ளையை அவள் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமை நூறு வரைக்கும் கடகடன்னு எண்றான். செவ்வாய்க்கிழமை கேட்டா இருபதுலயே முழிக்கிறான்."

"குழந்தைதானே மிஸ், மறந்திருப்பான்."

"புதன்கிழமை மறுபடி ஞாபகம் வந்துடுதே! அதுவும் ஒரு நாள் வலது கையில எழுதறான், ஒரு நாள் இடது கையில."

"ரெண்டு கையாலயும் எழுதினா அது திறமை இல்லையா?" அம்மா விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"நேத்து சொன்ன கதையை இன்னிக்குக் கேட்டா, 'நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே'ன்னு சாதிக்கிறான். கட்டிப் புரண்டு சண்டை போட்டவனையே மறுநாள் கட்டிப் பிடிச்சுக்கறான். 'நாம எப்போடா சண்டை போட்டோம்?'ங்கறான்!"

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லிடணும்னுதானே சொல்லி வெச்சிருக்கோம்..." என்று இழுத்தார். மேஜைக்கு அடியில் அம்மா அவர் காலை மிதித்தாள்.

"பாதி நாள் அவன் இங்கே இருக்கறதே இல்லைங்க. பாதிப் பாடம்தான் தலையில ஏறியிருக்கு" என்றாள் மிஸ். "தெரிஞ்சே ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினா, நானே அவனைக் கிணத்துல தள்ளின மாதிரி."

அம்மா முதல் முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாதான் மெல்லக் கேட்டார்.

"மிஸ், வர்ற வருஷமும் போன தடவை மாதிரி குலுக்கல் போட்டுத்தான் சேர்ப்பீங்களா?"

"இல்லை. புதுசா ஒரு வகுப்பறை கட்டியாச்சு. கேக்கறவங்க எல்லாருக்கும் இடம் உண்டு. அது எதுக்கு உங்களுக்கு? வாலுவோட இடம் அவனுக்கு அப்படியே இருக்குமே."

அம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அப்படின்னா தாராளமா இருக்கட்டும் மிஸ்!"

இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றவள் இப்படிப் பல்டி அடித்ததும் மிஸ் திகைத்துப் போனாள். அம்மாவோ எழுந்து போய் ஜன்னல் வழியாக, "டேய், ஒளிஞ்சது போதும், வா!" என்று குரல் கொடுத்தாள்.

மிஸ் எட்டிப் பார்த்தாள். ஊஞ்சலில் இருந்த வாலு தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, கேட்டுக்குப் பின்னாலிருந்து அதே மூக்கும் முழியுமாக இன்னொரு வாலு ஓடிவந்தான்.

"குலுக்கல்ல ஒருத்தன் பேர்தான் வந்துது மிஸ், அதான் முறை போட்டு அனுப்பினோம்" என்று அப்பா தலையைச் சொறிந்தார். "நீங்க சொன்னது ரொம்பச் சரி, ஆளுக்குப் பாதிப் பாடம்தானே ஏறியிருக்கும்!"