சாந்தகுமாரின் இன்டர்வியூ

சித்தூரில் பஸ் ஏறியதிலிருந்து சாந்தகுமாரின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. பக்கத்தில் மனைவி தபீதாள் கம்ப்யூட்டர் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள்.

"ஃப்ளோசார்ட்னா இன்னா? சொல்லுங்க."

"வேலையைப் படிப்படியாப் படம் போட்டுக் காட்றது."

"லூப்?"

"மறந்துட்டேன் தபீதா. இந்த வயசுல இதெல்லாம் மண்டையில ஏறுமா?"

"பயந்துகினே போனா எல்லாம்தான் மறக்கும். ஜெபம் பண்ணிட்டு உள்ள போங்க."

திருப்பதியில் இன்டர்வியூ ஒரு லாட்ஜ் அறையில். சாந்தகுமார் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கண்மூடி ஜெபித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"முதல் கேண்டிடேட் வரலாம்."

கம்ப்யூட்டர் புதிதாக வந்திருந்த காலம் அது. மில் முதலாளி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, புரோகிராமரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மேனேஜரான சாந்தகுமார் தலையில் கட்டியிருந்தார்.

வந்தவர்கள் எல்லாரும் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார்கள். சரியா தப்பா என்று தெரியாமல் தலையாட்டியே அவர் களைத்துப்போனார். கடைசியாக வந்தவள் நகரி ஊர்ப் பெண், கோமளா. அவள் முகத்திலும் அதே களைப்பு.

"கம்ப்யூட்டர்ல வேலை பார்த்திருக்கியாம்மா?"

"இல்ல சார். எல்லாம் பேப்பர்ல எழுதிப் படிச்சதுதான். போற எடத்துலல்லாம் இதக் கேட்டுத்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் கம்ப்யூட்டரைக் கண்ணால பார்த்ததே இல்ல சார்."

அன்று முழுக்க சாந்தகுமாருக்குப் புரிந்த பதில் அது ஒன்றுதான். வேலையை அவளுக்கே கொடுத்தார்.