தெரு கொடுத்த குரல்

தொண்டைப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையில் முத்துப்பேச்சிக்குக் குரல் போய்விட்டது. கழுத்தில் கட்டினால் வாயசைப்பைப் பேச்சாக்கும் பட்டைக்குக் கம்பெனிக்காரர்கள் தேன் போன்ற குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். இருபது வருஷம் கூவிக் கீரை விற்றவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள்.

அவள் கீரை விற்ற ஆரப்பாளையம் தெருப் பெண்கள் விடவில்லை. மெஹராஜ் முதலில் உட்கார்ந்து தன் குரலைப் பதிந்து கொடுத்தாள். பின்னாலேயே முப்பத்தைந்து பேர். எல்லாம் கலந்து பட்டையில் ஒரே குரலாயிற்று.

"அரைக்கீரை, முளைக்கீரை!"

மூன்று மாதம் கழித்துக் கேட்ட கூவலுக்குக் கதவெல்லாம் திறந்தன. மெஹராஜ் வழக்கம்போல் கீரைத்தண்டைக் கிள்ளிப் பார்த்தாள்.

"கிள்ளாதீங்கக்கா! எடுத்தா எடுங்க, இல்லாட்டி வைங்க!" என்று அதட்டினாள் முத்துப்பேச்சி.

தெருவே சிரித்தது. மெஹராஜுக்குக் கண் கலங்கியது.

"கேட்டீங்களாடீ? நான் குடுத்த குரல்லயே என்னைத் திட்டுறா!" என்று பெருமை பொங்கச் சொன்னாள்.